பாட்டும் புலவன் பெயரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய விமரிசனம் என்றதும் நம்மிற் பலருக்கு ஒருவகை அச்சம் உண்டாகிறது. குற்றங் கண்டு சண்டை பிடிப்போரின் தொழில் அது என்பர் சிலர். பூவைப் பிய்த்துப் பார்த்தால் மணம் போய்விடுமே என்று கவலைப்படுவர் வேறு சிலர். விமரிசகன் முதலில் ஒரு வாசகன்; மற்றவர்களிலும் சற்று மெதுவாக வாசிப்பவன். அவ்வளவுதான்.

ஆனால், மெதுவாக வாசிப்பது எளிதன்று. பரீட்சைக்குப் படித்த எல்லோருக்கும் ஒரு வாய்பாடு தெரியும். எதுகை மோனைகள் இனிமையாக அமைந்துள்ளன. உவமை பொருத்தமாக உள்ளது. கவிஞரின் கற்பனை வளம் போற்றத்தக்கது. இவற்றை எந்தப் பாட்டின் கீழும் எழுதலாம்; பாட்டைப் படியாமலே எழுதலாம். புள்ளி கிடைக்கும், பாட்டுத்தான் கிடையாது. கம்பன் என்றால் வியப்போம். பாரதி என்றால் முழங்குவோம். பெயர் தெரியாதவன் பாட்டென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை ஆசிரியர் ஐ. ஏ. றிச்சட்ஸ் இந்த நோயைச் சோதித்துப் பார்த்தவர். 1920களில் தம் வகுப்புக்கு வந்தோரிடம் ஆசிரியர் பெயரில்லாத கவிதைகளைக் கொடுத்து, பல முறை வாசித்துக் கருத்தெழுதும்படி கேட்டார். 13 கவிதைகளுக்கு வந்த விடைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். ஜோன் டன், ஹொப்கின்ஸ் போன்ற பெருங்கவிஞரின் பாட்டுக்களைப் பலர் இகழ்ந்திருந்தனர். பாட்டின் நேர்ப்பொருளையே விளங்காதவர் பலர். ஒரு சொல்லைக் கண்டதும் தம் சொந்த நினைவுகளுக்குள் ஓடிவிட்டவர்களும் உண்டு. பெயர் என்ற ஊன்றுகோலை எடுத்ததும் படித்தவர்களின் நடை தள்ளாடியது.

இதற்கு மறுதலையான செய்தி ஒன்று நம் பழந்தமிழில் உண்டு. சங்கப் பாட்டுக்கள் சிலவற்றைத் தொகுத்தபோது பாடியவர் பெயர் தெரியவில்லை. தொகுத்தோர் பாட்டிலே மின்னிய ஒரு தொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராக இட்டனர் என்பது அறிஞர் கொள்கை. குறுந்தொகையிலே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார்; நற்றிணையிலே தேய்புரிப் பழங்கயிற்றினார். இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறாகத் தன் உடம்பை உணர்ந்தவனின் பாட்டு அது. அதனைப் படித்தவர் அந்தக் கயிற்றையே பாடியவர் பெயராக்கிவிட்டார். பாட்டின் உயிர்நிலை எது என்று காட்டும் விமரிசனம் இதனிலும் சுருக்கமாக இருக்க முடியுமோ?

அணிலாடு முன்றிலாரிடம் சற்று நிற்போம். குறுந்தொகையின் 41ஆம் பாட்டு அவருடையது. தலைவி தோழிக்குச் சொல்கிறாள்: காதலர் அருகிருந்தால் விழாக் கொண்ட ஊரைப்போல் மகிழ்வேன், அவர் பிரிந்தாலோ, பாலை வழியருகே மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டைப்போலப் பொலிவிழப்பேன். உவமை பொருத்தமாக உள்ளது என்று எழுதிவிட்டு நாம் போய்விடலாம். நின்று கேட்டால்தான் பாட்டுப் பேசும். வேறு பிராணி இல்லாமல் அணில் ஏன்? அது மனிதரைக் கண்டால் ஓடும் பிராணி. தானியம் காயும் முற்றத்திலே, பிள்ளைகள் ஓடும் முற்றத்திலே, அது அஞ்சாமல் விளையாட வேண்டுமானால் வீடு வெறுமையாகி நெடுநாளாகியிருக்க வேண்டும். பாழான வீட்டுக்கு ஆந்தையையோ பாம்பையோ கொண்டுவந்திருக்கலாம். புலவர் கொண்டுவந்தது ஓர் உல்லாசமான உயிரை. அதன் விளையாட்டே வெறுமையைச் சொல்லுகிறது. இன்னும் ஒன்று: அவள் மகிழ்ச்சி ஓர் ஊரளவு பெரியது; துயரோ ஒரு முற்றத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது.

நாம் மிசன் பாடசாலையிற் படித்தவர். அங்கே வேதாகம வகுப்பில் ஒரு வசனத்தை எடுத்து, இந்த இடத்தில் இந்தச் சொல் ஏன் என்று மணி அடிக்கும்வரை கேட்பார்கள். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் செய்ததும் அதுவே. அந்தப் பழக்கத்தைக் குறுந்தொகைக்குக் கொண்டு வந்ததில் எவருக்கும் மனவருத்தம் இராதென்று நம்புகிறோம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறினர். நாம் அன்று பிறந்திருக்கவில்லை. திரும்பிவந்து தம் முற்றத்தைக் கண்டவர்களின் பிள்ளைகள் நாம். இந்தப் பாட்டை வாசிக்கையில் அந்த முற்றம் நினைவில் எழாமற் போகுமா? வாசகனின் சொந்த நினைவு பாட்டின் ஆசனத்திலே ஏறி உட்கார்ந்துவிடும் என்று றிச்சட்ஸ் எச்சரித்தார். அதில் நியாயம் உண்டு. இப்பாட்டில் போர் இல்லை. மக்கள் ஏன் போனார்கள் என்பதையே புலவர் சொல்லவில்லை. பிரிவை எண்ணும் ஒருத்தியின் துயரே பாட்டு. முதலில் அவளைக் கேட்க வேண்டும். கேட்டபின் நம் முற்றத்தை நினைத்தால் அது முன்னிலும் தெளிவாகத் தெரிகிறது. இடிந்த சுவரைப் பற்றி நம் பெரியோர் பலமுறை சொல்லியிருக்கின்றனர். அங்கே அஞ்சாமல் ஓடித்திரிந்தவை எவை என்று நாம் அவர்களைக் கேட்டதில்லை.

தொகுத்தோரின் தெரிவை நாம் எப்போதும் ஏற்க வேண்டும் என்பதில்லை. 74ஆம் பாட்டின் புலவரை விட்டகுதிரையார் என்றனர். அவிழ்த்துவிட்ட குதிரை துள்ளுவதுபோல் வானளாவி நிமிரும் மூங்கிலைக் காட்டும் உவமை அது. கண்ணுக்கு விருந்துதான், ஆயினும் அதே பாட்டில், வேனிற்கால எருதுபோல் தலைவன் மெலிந்தான் என்ற இடமே நம் நெஞ்சைத் தொட்டது. நண்பர் ஒருவர் இதனை மறுக்கிறார். மூங்கில் துள்ளி நிமிர்வதால் அல்லவா அவன் சாய்வு புலப்படுகிறது என்பது அவர் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வாதாடுவதற்காக இருவரும் அச்சிறு பாட்டை எத்தனை தடவை வாசித்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

உங்கள் கையிலே ஒரு தாள் தரப்பட்டிருக்கிறது. குறுந்தொகைப் பாட்டொன்று அதில் உண்டு. புலவர் பெயரை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயரிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அப்பெயர்களைத் தொகுத்தோர் இட்ட பெயரோடு வைத்துப் பார்ப்போம்.