மணிக்கயிறு



ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கோயிலில் இரண்டு தடவை மணி அடிக்கும். முதல் மணி கேட்டால் குளித்து உடுத்திக் கிளம்ப வேண்டும். இரண்டாம் மணி கேட்கும்போது பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோயில் என்று நான் சொல்வது சி.எஸ்.ஐ. தேவாலயத்தை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். சர்ச் என்பது பட்டணத்துப் பேச்சு. தேரிக்காட்டுச் செம்மண், சுற்றிலும் பனை, நடுவில் ஒரு கோபுரம், கோபுரத்தில் ஒரு மணி. அவ்வளவுதான் ஊர்.

மணி அடிக்கிறவரைக் கோயில்குட்டியார் என்போம். கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, பாய் விரித்து, கல்லறை வெட்டுவது வரைக்கும் அவர் பொறுப்பு. எங்களுக்கு அவர் தாத்தா. எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது ஒரு ஞாயிறு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "ஏலே, முதல் மணியை நீ அடி" என்று கயிற்றைக் கையில் கொடுத்தார்.

எனக்கு உலகத்தையே கொடுத்தது போல இருந்தது. ஆனால் மணி கனம். நான் ஒல்லிப்பிச்சான். கயிற்றில் தொங்கி ஒரு தடவை இழுத்தேன். டங் என்றது. மூச்சு வாங்கி, காலை ஊன்றி, மறுபடி தொங்குவதற்குள் நெடுநேரம் ஆகிவிட்டது. மறுபடி ஒரு டங். மறுபடி இடைவெளி.

கிராமத்துச் சபையில் வளர்ந்த நேயர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இதற்குள் புரிந்திருக்கும். ஆராதனை மணி விடாமல் அடிக்கும். ஒரு அடி, நீண்ட மௌனம், மறுபடி ஒரு அடி என்றால் அது துக்க மணி. தெருவில் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். யார் தவறினது, எந்த வீடு என்று ஒரே கேள்வி. ஒரு பெரியம்மா, படுக்கையில் இருந்த மாமனார்தான் போய்விட்டார் என்று வாய்விட்டு அழத் தொடங்க, உள்ளேயிருந்து மாமனார், "நான் இங்கதானே கெடக்கேன்" என்று குரல் கொடுத்தாராம்.

முதுகைப் பிடித்துக்கொண்டு தாத்தா வந்தார். "ஏலே, ஊருக்கே துட்டி சொல்லிட்டியே!" என்றார். எனக்கு அழுகை முட்டியது. கயிற்றை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் கைக்கு மேலே தன் கையை வைத்து, எப்படி இழுத்து எப்போது விட வேண்டும் என்று காட்டினார். மணி தானாகத் திரும்பி வரும்போது கயிறும் மேலே போகும், அதன் போக்கில் விட்டுப் பிடிக்க வேண்டும், மல்லுக்கட்டக் கூடாது. பிறகு சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன வந்திரு."

அந்தக் கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நல்ல பிரசங்கங்களும் உண்டு. பெரும்பாலும் மறந்துவிட்டது. வெள்ளன வந்திரு என்றது மறக்கவில்லை.

சபையில் ஒருவர் பெயர் சேருவதற்கு முறைகள் இருக்கின்றன. குழந்தையில் ஞானஸ்நானம், வளர்ந்தபின் திடப்படுத்தல், மாதாமாதம் சங்கக் காணிக்கை, பதிவேட்டில் ஒரு வரி. இதெல்லாம் முடிந்த பிறகும் ஒருவர் வருஷக்கணக்கில் கடைசித் தூணோரம் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் செருப்பைத் தேடிப் போய்விடலாம். அவர் எப்போது நம்ம ஆள் ஆகிறார்? என் அனுபவத்தில், அவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கும்போது. அதில் அவர் சொதப்பிய பிறகும் அதே வேலையை மறுபடி கொடுக்கும்போது.

பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு சின்னக் கோயிலைப் பார்க்கலாம். 1785-இல் கட்டியது. ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். அந்த அம்மாளின் ஞானஸ்நானப் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார். பிறந்த குலம் அவரைத் தள்ளிவிட்டது. கிறிஸ்தவராக வேண்டும் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லை என்று அவரும் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல்தான் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். திருநெல்வேலிச் சீமையில் இந்தத் திருச்சபையின் வரலாறு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

இந்த வரலாற்றைப் பிரசங்கங்களில் பக்தியோடு சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்தும். முதலில் வாசலில் நிறுத்தப்பட்டவர் அவர். குலத்தின் வாசலிலும் சபையின் வாசலிலும். அவரே பிறகு மற்றவர்களுக்குக் கோயில் கட்ட ஓடினார். எனக்கு இங்கே இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு நிற்பதற்குப் பதில், செங்கல்லும் சுண்ணாம்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மா ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகி வந்த ஊரில் நாலு பேர் நடுவே வாய் திறந்து பேசியவரில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூட்டம் நடக்கும்போது வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக ஒரு வாக்கியமாவது ஜெபம் பண்ண வேண்டும். அம்மா முறை வரும்போது முதல் ஒன்றிரண்டு வருஷம் ஆமென் மட்டும்தான். அடுத்தவர் தொடர்ந்துகொள்வார். யாரும் அவசரப்படுத்தவில்லை, விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் முறை வந்துகொண்டே இருந்தது.

அந்த ஜெபங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாம் வானத்தை நோக்கிப் போனவை அல்ல. "ஆண்டவரே, சிலபேர் குழாயடியில் முந்திக்கொள்வதை நீர் அறிவீர்" என்று கண்ணை மூடிக்கொண்டே ஒருவர் சொல்ல, "சிலபேர் நாக்கையும் நீர் அறிவீர்" என்று எதிரிலிருந்து பதில் ஜெபம் எழும். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். தெருவில் கேட்டிருந்தால் கைகலப்பாகியிருக்கும். அங்கே ஆமென் என்று முடித்துவிட்டுக் காப்பி குடிப்பார்கள்.

சங்கத்தில் பிடியரிசி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொடுப்பது. அதற்குக் கணக்கெழுத அம்மாவைப் பிடித்துப் போட்டார்கள். காக்கி அட்டை போட்ட நோட்டு. வரவு, விற்றது, கையிருப்பு. பண்டிகையின்போது அதை மேடையில் வாசிக்க வேண்டும். முதல் வருஷம் தாள் ஆடியது எங்கள் வரிசை வரைக்கும் தெரிந்தது. கையிருப்புத் தொகையைப் படிக்காமலே இறங்கிவிட்டார். செயலாளராக இருந்த டீச்சர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கையிருப்பு எவ்வளவு தங்கச்சி?" என்று கேட்டார். அம்மா தரையில் நின்றபடி உரக்கச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

சில வருஷம் கழித்து ரேஷன் கடையில் எடை குறைந்தபோது, வரிசையிலிருந்து விலகி முன்னால் போய், நோட்டை எடுங்கள், போன மாதம் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டது அம்மாதான். நான் பையோடு பின்னால் நின்றேன். சங்கத்தில் கணக்கு வாசித்த அதே குரல்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் அசனப் பண்டிகை பெரிது. அசனம் என்றால் சபையே சேர்ந்து உண்கிற விருந்து. முந்தின இரவே கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டிவிடுவார்கள். சாக்குச் சாக்காக வெங்காயம் வந்து இறங்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அரிவாள்மனையும் கத்தியுமாக ஊரே உட்கார்ந்து உரிக்கும். கண்ணில் நீர் வழிய வழியப் பேச்சு ஓடும். வருஷம் முழுக்கப் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே சாக்கிலிருந்து கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கும். கண்ணீருக்கு வெங்காயம் ஒரு சாக்கு. மறுநாள் மதியம், யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்ற கேள்வியில்லாமல் பந்தி. இன்னொரு நாள் ஏலம். சுரைக்காய், சேவல், வாழைக்குலை எல்லாம் ஏலம் போகும். ஒரு பாட்டி கொண்டுவந்த ஒற்றை முட்டையை ஏலம் எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வர, ஒரு முட்டை பத்துக் கோழி விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று பார்த்தார்.

இனிப்பானதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அந்தப் பந்தியில் வெங்காயம் உரிக்க எல்லாத் தெருவும் வந்தது. சோற்று வாளியைத் தூக்கிப் பரிமாற ஒரு தெருக்காரர்கள்தான் வந்தார்கள். யாரும் சட்டம் போடவில்லை. வாளி எப்போதும் அந்தக் கைகளுக்கே போனது. எனக்குப் பதினாறு வயதாகும்வரை அது என் கண்ணிலேயே படவில்லை. வாளியைத் தூக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால்.

இது எங்கள் ஊரின் தனிக்குறை அல்ல. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கை. பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் மற்றவர்கள். கால்சட்டையைப் போன்ற கோயில் என்றே பெயர் வாங்கியது. 1910-இல் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வேளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீர்திருத்தச் சபைகளும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்று எல்லாத் தெருவினரும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிறோம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். பாட்டுப் பெரிது, பாடினவருக்கு ஒரு எல்லை இருந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு பாடுவதில் தவறில்லை.

சமமாக உட்கார வேண்டும் என்ற பாடத்தை மிஷனரிகளுக்கும் ஒருவர் நடத்தியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.ச. அசரியா. எங்கள் தேரிக்காட்டுப் பக்கந்தான். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். பேச்சின் சாரம் இதுதான்: நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி. எங்களுக்கு நண்பர்களும் வேண்டும். கேட்டவர்களில் பலருக்கு முகம் சுண்டியது. இரண்டே வருஷத்தில், 1912-இல், அவர் தோர்ணக்கல் திருமண்டலப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

எங்கள் ஊரில் வாளி எப்படிக் கை மாறியது? கமிட்டியில் தீர்மானம் எதுவும் போடவில்லை. ஒரு அசனத்தின்போது, கீழத்தெருவைச் சேர்ந்த வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன், யாரையும் கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் பந்தியில் நுழைந்தான். நாலைந்து பெரியவர்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். கோயில்குட்டியார் தாத்தா சப்பணமிட்டு உட்கார்ந்து, "ஏலே, இங்க கொஞ்சம் கொழம்பு விடு" என்று கூப்பிட்டது கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வேலை கிடைத்து நான் சென்னைக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஆலயம். மின்விசிறி, பெஞ்சு, திரையில் பாட்டு. ஆறு மாதம் போனேன். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொரு வாரமும் கைகுலுக்கி வரவேற்றார்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாய் வந்தவனைப் போலவே வரவேற்றார்கள். கோயம்பேடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எல்லோரும் பக்கத்தில், எவரும் நம்மோடு இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றார். சாயங்காலம் ஏதோ கல்யாணமாம். பன்னிரண்டு பெஞ்சு தூக்கினோம். பத்தாவது பெஞ்சில் என் பெயரைக் கேட்டார். அடுத்த வாரம் அவர் மனைவி குழம்பு கொடுத்துவிட்டார்.

தாத்தா இறந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி வண்டி பிடித்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். கோயில் வாசலில் ஒரு பையன், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதெல்லாம் அவன்தான் அடிக்கிறானாம். ஆராதனை மணி பழகியிருக்கிறது, துக்க மணி அடித்ததில்லை. வழக்கமாகத் தாத்தாவே அடித்துவிடுவார்.

"மாமா, நடுவுல எவ்வளவு நேரம் விடணும்?" என்று கேட்டான்.

"பத்து எண்ணு" என்றேன்.

ஒரு தடவை இழுத்தான். பிறகு, கயிற்றை விடாமல், சத்தமாகவே எண்ணத் தொடங்கினான்.