பழைய டீசல் வேனை நாமே பேணுவோம்

(திருக்கழுக்குன்றம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



உழவியல் படித்தவன் வண்டியைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். விளைந்த பொருள் சந்தைக்குச் சென்று காசாகும் வரை வேளாண்மை முடிவதில்லை. அந்தக் கடைசிப் பாதையில் நம்மில் பலர் நம்பியிருப்பது ஒரு பழைய டீசல் வேனைத்தான். ஆகவே இதுவும் உழவியலே.

எனக்கு இந்தப் பாடம் வகுப்பறையில் கிடைத்ததன்று. நான் முதுநிலைப் பட்டப்படிப்பில் இருந்த காலம். என் தந்தையார் ஒரு பழைய வேனில் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு இரவில் கோயம்பேடு புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். வண்டியின் பின்பக்கம் ஒரு பலகைப் படுக்கை உண்டு. சரக்கு விற்கும் வரை அதில்தான் தூங்குவார். சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டியதும் இன்ஜின் இருமுறை திணறி நின்றுவிட்டது. பேட்டரி இறங்கும் வரை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். பயனில்லை. விடிந்து வந்த மெக்கானிக் இரண்டு ஸ்பானர்களைக் கொண்டு, ஒரு முழம் ரப்பர் குழாயை மாற்றிக் கால் மணி நேரத்தில் வண்டியை ஓட்டிவிட்டார். ஆனால் கீரை அதற்குள் வதங்கிவிட்டது. அன்றைய விற்பனை வண்டியின் டீசல் செலவுக்கும் போதவில்லை. "இலையில் புள்ளி விழுந்தால் என்ன நோய் என்று சொல்லத் தெரிகிறது, இந்தக் குழாய் வெடித்தது தெரியவில்லையே" என்றார் தந்தையார். அந்தச் சொல்தான் இந்த உரைக்கு வித்து.

டீசல் இன்ஜின் வேலை செய்யும் விதம்

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் இந்த இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை இன்ஜின் ஒன்று நம் மணிலாக் கொட்டையின் எண்ணெயிலேயே ஓடியது. ஆயினும் செக்கில் ஆட்டிய எண்ணெயை நம் வேனின் டேங்கில் ஊற்றிப் பார்க்க வேண்டாம். அது டீசலைவிடக் கெட்டியானது. நாசிலில் கரி பிடித்து அடைத்துவிடும்.

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் இன்ஜினில் அது இல்லை. சிலிண்டரில் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அதில் டீசல் புகைபோல் பீச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இந்த இன்ஜினுக்கு வேண்டியவை மூன்று: தூய காற்று, தூய டீசல், தூய மசகு எண்ணெய்.

புனேயில் பஜாஜ் டெம்போ நிறுவனம் செய்த மேட்டடோர் போன்ற பழைய வேன்களில் கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. (அந்நிறுவனம் 2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.) எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பாகங்கள். இதுவே நமக்குள்ள வசதி.

டீசலில் நீரும் காற்றும்

டேங்கு பாதி காலியாக இரவில் நின்றால், உள்ளே உள்ள காற்றின் ஈரம் நீர்த்துளியாகி அடியில் தங்கும். நீர், பம்பையும் நாசிலையும் அரித்துவிடும். ஆகவே மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தல் நலம். வாரம் ஒருமுறை வடிகட்டியின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரையும் கசடையும் ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்க்க வேண்டும். நீர் அடியிலும் டீசல் மேலும் பிரிந்து நிற்பது தெளிவாகத் தெரியும்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருப்பதில்லை. முன்பு வேறு வகை டீசலில் ஊறிய பழைய ரப்பர் வளையங்களும் குழாய்களும் சுருங்கிக் கசியக்கூடும். டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள குழாய்களை ஆண்டுக்கொருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு கண்டால் டீசலுக்கென விற்கும் குழாயையே வாங்கிப் போடுங்கள்.

ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். டேங்குக்கும் பம்புக்கும் இடையிலான குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் இருக்கலாம். காற்று உள்ளே போகும். எங்கள் வண்டியில் நேர்ந்தது இதுவே. கீழே ஒரு சொட்டும் இல்லாததால் எங்களுக்கு ஐயமே எழவில்லை.

ஏர் எடுக்கும் முறை

1. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, டேங்கில் டீசல் உள்ளதா எனப் பாருங்கள். வெடித்த குழாயை முதலில் மாற்றுங்கள்.

2. வடிகட்டியின் தலையிலுள்ள ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, அழுத்திக்கொண்டே திருகை இறுக்குங்கள்.

3. பெரிய பம்பிலுள்ள ஏர் திருகிலும் இவ்வாறே செய்யுங்கள்.

4. பிறகும் இன்ஜின் எடுக்காவிடில், நாசில்களுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். டீசல் வந்ததும் நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள். ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் சுற்றக் கூடாது; இடையில் ஓய்வு கொடுங்கள்.

எச்சரிக்கை: நாசிலிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அவ்வாறு பட்டால் காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புகையைப் பார்த்து நோய் அறிதல்

கரும்புகை: காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். செம்மண் தடத்தில் ஓடும் வண்டிக்கு அது விரைவில் அடைத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் நாசில்களைக் கழற்றி பம்பு நாசில் பட்டறையில் சோதிக்கக் கொடுங்கள்.

வெண்புகை: காலையில் சிறிது நேரம் வந்து நின்றால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். ஒயரையும் இணைப்புத் தகட்டையும் கழற்றி, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பு வழியாகப் பிளக்கின் தலையைத் தொடுங்கள். பல்பு எரியாவிடில் அந்தப் பிளக் பட்டுப்போய்விட்டது. வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பழுது, வண்டியை ஓட்டாதீர்கள்.

நீலப்புகை: மசகு எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம். அளவுகோல் குச்சியில் எண்ணெயை அன்றாடம் பாருங்கள்.

கடற்கரை உப்பும் கிணற்று நீரும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் அந்தக் கருங்கல்லையே உப்புக் காற்று அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கும் வளர்த்துள்ளார்கள். கல்லுக்கே இக்கதி என்றால் தகரத்தைக் கேட்க வேண்டுமா?

கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரம் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறை அடிப்பகுதி உட்பட நல்ல நீரால் கழுவ வேண்டும். நல்ல நீர் என்பதே இங்கு முக்கியம். கடலோர ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் நீரே உப்பு. அதனால் கழுவினால் துரு தணியாது, வளரும். பாசன நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது மின்கடத்தும் திறனைப் பாருங்கள். அது 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் பயிருக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் ஆகாது. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உள்ளே காரை படிந்து இன்ஜின் கொதிக்கும். வாலை வடிநீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்.

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடியுங்கள். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

துரு அழகுக்கு மட்டும் கேடன்று. தரையில் ஓட்டை விழுந்தால் புகை வண்டிக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். வேனில் படுப்பவர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டே படுக்க வேண்டும். அடுப்பையும் கொசுவுக்கு மூட்டும் கரி நெருப்பையும் உள்ளே வைக்கலாகாது. சன்னல் திறந்திருக்கட்டும்.

நாம் தொடக் கூடாதவை

டீசல் பம்பைப் பிரித்தல், பிரேக் வேலை, ஸ்டீயரிங் வேலை ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்லுங்கள். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தாங்கியும் வைத்த பிறகே நுழையலாம்.

வடித்த பழைய எண்ணெயை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கறையானுக்கு மருந்து என்று மரத்தடியில் ஊற்றுவதும் தவறு. மண்ணின் உயிரை அது கெடுக்கும். டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள்.

வண்டியில் இருக்க வேண்டியவை

ரிங் ஸ்பானர் செட், இரண்டு முழம் டீசல் குழாய், நான்கு கிளிப்புகள், ஒரு டீசல் வடிகட்டி, ஒரு ஃபேன் பெல்ட், ஐந்து லிட்டர் நல்ல நீர், டார்ச் விளக்கு. இத்துடன் ஒரு நோட்டுப் புத்தகம். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய கிலோமீட்டர், கண்ட பழுது ஆகியவற்றைச் சாகுபடிக் கணக்குபோல் எழுதி வாருங்கள். அடுத்த பழுது எப்போது வரும் என்பதை அந்த நோட்டே பல சமயம் சொல்லிவிடும்.

என் தந்தையார் அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அதே வேனை ஓட்டினார். குழாய் ஒருமுறை மீண்டும் வெடித்தது. மதுராந்தகம் ஏரிக்கரையில், டார்ச் வெளிச்சத்தில், தாமே மாற்றி ஏர் எடுத்துவிட்டார். அன்று கீரை விடிவதற்கு முன்பே சந்தையில் இறங்கிவிட்டது.

பயிரை நாள்தோறும் சுற்றிப் பார்ப்பவர்கள் நீங்கள். காலையில் வண்டியையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.