நித்தியகல்யாணி: ஊசியில் மருந்து, கஷாயத்தில் ஆபத்து

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம வீட்டு வாசலிலும் வேலி ஓரத்திலும் பூத்து நிற்கிற நித்தியகல்யாணியைப் பற்றி இன்றைக்குப் பேசலாம்னு வந்திருக்கோம். தென் மாவட்டங்களில் இதை மானாவாரியாகப் பயிர் செய்து, இலையையும் வேரையும் மருந்து தயாரிக்க விற்கிறாங்க. "இது புற்றுநோய்க்கு மருந்தாமே, நாமே கஷாயம் வைச்சுக் குடிச்சா என்ன?" என்று பலரும் கேட்கிறோம். கேள்வி நியாயமானதுதான். பதிலைச் சரியாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஜமைக்கா நாட்டில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். 1952-ல் அந்த இலைகள் கனடாவில் இருந்த டாக்டர் ராபர்ட் நோபிளுக்குப் போய்ச் சேர்ந்தன. எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியதும் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. எலிகள் நோய்த்தொற்றில் செத்துப் போயின. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்த யோசனையில் அவரும் சார்லஸ் பீர் என்பவரும் தேடி, 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை வெளியிட்டார்கள். இதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து.

சரி, அது கட்டியை எப்படி அழிக்குது? நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஓர் அணு இரண்டாகப் பிரியும் முன், தன்னிடம் உள்ள மரபுப் பொருளை இரண்டு பங்காக்கும். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கிற மாதிரிதான். மெல்லிய இழைகள் அந்தப் பங்குகளை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்த இழைகளைக் கட்ட விடாது. பங்கு பிரிக்க முடியாமல் அணு பாதியில் நின்றுவிடும்.

அப்படி நின்றுபோன அணு, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு ஒவ்வொரு அணுவுக்குள்ளும் பிறவியிலேயே இருக்கு. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் காணாமல் போகுதே, அதுவும் இப்படித்தான். அணு சிறு சிறு துண்டாகப் பிரியும். பக்கத்து அணுக்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். புற்றுநோய் அணு சாக மறுத்துப் பெருகிக்கிட்டே இருக்கும். மருந்து அதைச் சாக வைக்குது.

ஆனால் வேகமாகப் பிரிகிற நல்ல அணுவையும் இந்த மருந்து விடாது. அதனால்தான் முடி கொட்டுது, வெள்ளை அணு குறையுது. நரம்பையும் தாக்குவதால் கைகால் மரத்துப் போகும். ஆகவே உடம்பை அளந்து, இரத்தம் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் நரம்பு ஊசியாக ஏற்றுறாங்க. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். நாம் பறிக்கிற ஒரு கைப்பிடி இலையில் மருந்து எவ்வளவு, விஷம் எவ்வளவு? யாராலும் சொல்ல முடியாது. கட்டி கரையாது, உடம்புதான் கெடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம், காலம். மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, ஆறாத வாய்ப்புண் இருந்தால் கஷாயம் வைத்து மாதங்களைக் கழிக்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். அங்கே மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் பரிசோதனை செய்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். நகையை அடகு வைக்கும் முன், கடன் கேட்கும் முன், காப்பீட்டு அட்டையைப் பற்றி விசாரிப்போம்.

ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர்கள் வேறு ஏதாவது மூலிகை சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். சில மூலிகைகள் ஊசி மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

மூலிகையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதன் சக்தி பெரிது என்பதால்தான் அளவு தெரிந்தவர் கையில் அது இருக்கணும். நம் குழுவில் ஒருத்திக்குக் கட்டி என்று தெரிந்தால், அடுத்த நாளே துணைக்கு ஒருவர் கூடப் போவோம். இந்த மாதக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி வைப்போம்.