கொளஞ்சி என்னும் திருப்பெயர்

(விருத்தாசலம் மாசி மகப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாசி மகப் பெருவிழாவின் ஆறாம் திருநாள். விபசித்து முனிவருக்குப் பழமலைநாதப் பெருமான் காட்சி தந்தருளிய நாள். இத்தகைய நன்னாளில் தலப் பெருமையைப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டார்கள். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று எல்லாம் ஐந்தைந்தாக அமைந்த இத்தலத்தின் பெருமையை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆதலின் அவர்களிடம் சிறிது உரிமை எடுத்துக்கொண்டு, இன்று ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது நான் பட்ட கடன்.

சென்ற ஆண்டு இதே மேடையிலிருந்து இறங்கிய போது ஒரு பெரியவரும் அவருடைய மகனாரும் என்னை அணுகினார்கள். மகனார் நம் ஊரில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர். விரல் இடுக்குகளில் வெண்களிமண் காய்ந்திருந்தது. “ஐயா, எனக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பா பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்பா பெயர் கொளஞ்சி. நாளைக்குப் பட்டணத்தில் போய்ப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்தப் பெயரை எப்படி ஐயா வைப்பது? இதற்குப் பொருளாவது உண்டா?” என்று கேட்டார்.

“அது முருகன் பெயர், தம்பி” என்றேன் நான், அவசரமாக.

“முருகனுக்கு எத்தனையோ அழகான பெயர் இருக்கிறதே, ஐயா! பட்டறையில் அச்சு தேய்ந்து போனால் புது அச்சு எடுத்துக்கொள்கிறோம். பெயரும் அப்படித்தானே?” என்றார்.

எனக்கு விடை தோன்றவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் நெருக்கவே அவர்கள் போய்விட்டார்கள். அச்சு தேய்வது பயன்படுத்துவதால். பெயர் தேய்வதோ பயன்படுத்தாமையால் அன்றோ! இது எனக்குத் தோன்றியது பேருந்தில் ஊர் திரும்பும்போது. காலம் கடந்து வரும் விடையால் யாருக்கு என்ன பயன்? ஆயினும் அந்தக் கேள்வி ஓராண்டாக என்னை விடவில்லை.

கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள்: நம் விருத்தாசலம் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவர் இப்பெயரில் இருப்பார். ஆணுக்கும் உரியது, பெண்ணுக்கும் உரியது. இங்கே அரசினர் கலைக் கல்லூரியே திரு கொளஞ்சியப்பர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் வட்டாரத்தைத் தாண்டி மதுரைக்கோ கோவைக்கோ சென்று இப்பெயரைச் சொன்னால், இரண்டு முறை சொல்லவேண்டும். மூன்றாம் முறை எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டும். அறிந்தவர் காதில் விழுந்தாலோ, “விருத்தாசலம் பக்கமா?” என்பார். 2019-இல் இப்பெயரிலேயே ஒரு திரைப்படம் வெளிவந்தபோது, வெளியூர் நண்பர் ஒருவர் இது என்ன ஊரின் பெயரா என்று என்னையே வினவினார். ஓரிடத்தில் இத்தனை மலிவாகவும் மற்றோரிடத்தில் இத்தனை அரிதாகவும் ஒரு பெயர் இருப்பானேன்?

முதலில் சொல்லை ஆராய்வோம். கொழிஞ்சி என்பது ஒரு செடி. கொளிஞ்சி, கொளுஞ்சி என்றும் வழங்குவர். ழகரம் பேச்சில் ளகரமாவது புதிதன்று. ஊதாப் பூவும் தட்டையான சிறு காயும் உடைய இதனை உழவர்கள் நன்கறிவர். மழை பொய்த்த நிலத்திலும் தானாக முளைத்து நிற்கும். இதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிலே சேர்க்கும். நடவுக்கு முன் மடக்கி உழுதுவிட்டால் நெல்லுக்கு நல்ல உரம். விதையின் தோல் மிகக் கடினம். மணலோடு தேய்த்தோ சுடுநீரில் இட்டோ விதைத்தால்தான் ஒருசேர முளைக்கும். இன்னொரு செய்தியும் உண்டு, அதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மாடுகள் கொழிஞ்சியை விரும்பி மேய்வதில்லை.

இனி, நம் ஊரை அடுத்த மணவாளநல்லூருக்கு வருவோம். அங்கே முற்காலத்தில் கொளஞ்சிக் காடு மண்டிக் கிடந்தது என்பது செவிவழி வரலாறு. மேயப்போன பசுக்களுள் ஒன்று நாள்தோறும் அந்தப் புதருக்குள் சென்று, குளம்பால் மண்ணைத் தேய்த்து, பாலைத் தானே சொரிந்துவிட்டுத் திரும்பியது. மாடு மேய்ப்பவன் ஏன் வியந்தான்? புல்லும் தழையும் உள்ள இடத்திற்குப் பசு போயிருந்தால் யாரும் ஐயுற்றிரார். மாடு வாய் வைக்காத கொளஞ்சிப் புதருக்குள் அதற்கு என்ன வேலை? அதனால்தான் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள் என்று நான் கருதுகிறேன். செடியின் இயல்பை அறிந்த உழவர்கள் சொன்ன கதை இது. அங்கே பலிபீட வடிவில் ஒரு திருமேனி தோன்றியிருந்தது. முகமோ கைகளோ வேலோ மயிலோ இல்லாத அந்த அருவுருவையே முருகப் பெருமானாகக் கண்டு, கொளஞ்சியப்பர் என்று அழைத்தார்கள்.

இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? மரத்தின் பெயராலும் கொடியின் பெயராலும் இறைவனை அழைப்பது சைவத்தின் பழைய வழக்கம். மாமரத்தின் கீழ் அமர்ந்தவர் ஏகாம்பரர். நாவல் மரத்தடியில் அமர்ந்தவர் ஜம்புகேசுவரர். இடைமருதூரில் மருதவாணர், கருகாவூரில் முல்லைவனநாதர். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கடலூர் மாவட்டத்திலேயே பாதிரி மரத்தால் பெயர் பெற்ற பாடலீசுவரர் இருக்கிறார். மருதவாணன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தால் இலக்கியம். கொளஞ்சி என்று வைத்தால் பட்டிக்காடு என்கிறார்கள். பெருமரங்களுக்கு வாய்த்த மதிப்பு ஏழைச் செடிக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கொளஞ்சியப்பரையும் பழமலைநாதரையும் இணைத்து ஒரு கதை சொல்வார்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் இவ்வழியே வந்தார். ஊரோ முதுகுன்றம், இறைவனோ பழமலையார், அம்மையோ பெரியநாயகி. எல்லாம் முதுமையாக இருக்கிறதே என்று எண்ணிப் பாடாமல் சென்றார். தந்தையின் குறிப்பறிந்த முருகன் வேட வடிவில் வந்து சுந்தரரின் பொருளை எல்லாம் பறித்துக்கொண்டு, “முதுகுன்றத்துக்கு வந்து பெற்றுக்கொள்” என்றான் என்பது கதை. வழிப்பறி நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் திருமுருகன்பூண்டியில் வைத்துப் பாடியிருக்கிறார். முதுகுன்றத்திலே அவர் சொல்வது பன்னீராயிரம் பொன் பெற்றதும், அதனை மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் கமலாலயத்தில் எடுத்ததும். ஆகவே வேடன் கதையை ஊர் வழக்காகவே கொள்க. ஊர் வழக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் அதை வைத்துப் போற்றவேண்டும் என்கிறேன்.

இப்பெயர் இவ்வளவு பரவியதற்குக் கதையைவிட வலிய காரணம் ஒன்று உண்டு. அதுவே பிராது கட்டுதல். மணவாளநல்லூரில் குறையுடையவர்கள் தம் குறையைத் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பர் திருமுன் வைத்து, பின் முனியப்பர் சந்நிதியில் உள்ள வேலிலே கட்டுகிறார்கள். களவு போன பொருள், திரும்பி வராத கடன், வீட்டை விட்டுப் போன மகன், பிள்ளையில்லாக் குறை எல்லாம் அதில் இருக்கும். தங்கள் ஊர் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டுப் படிப்பணம் செலுத்தும் வழக்கமும் உண்டு. மூன்று நாளில், மூன்று வாரத்தில், தவறினால் மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. தீர்ந்தபின் சும்மா இருந்துவிட முடியாது. திரும்பி வந்து, இன்ன நாளில் வைத்த பிராது நிறைவேறியது என்று எழுதித் திரும்பப் பெறவேண்டும். கச்சேரிக்குப் போகப் பணமும் துணையும் இல்லாத எளியவர்களுக்கு, வக்கீல் வேண்டாத வழக்குமன்றம் இது.

பிள்ளை வேண்டிப் பிராது கட்டியவள் பிள்ளை பெற்றால் என்ன பெயர் வைப்பாள்? வேறு பெயர் அவள் வாயில் வருமா? நோயில் கிடந்த குழந்தை பிழைத்தெழுந்தாலும் அதே பெயர்தான். இப்படித்தான் தெருவுக்குத் தெரு கொளஞ்சிகள் தோன்றினார்கள். இவ்வழக்கத்திற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் மகப்பேறு வேண்டித் திருவெண்காட்டில் வழிபட்டார். பிறந்த பிள்ளைக்கு அத்தலத்தின் பெயரையே சூட்டிச் சுவேதவனப் பெருமாள் என்று அழைத்தார். அப்பிள்ளையே சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர். சைவ சித்தாந்தத்தின் தலையாய ஆசிரியரும் பிள்ளைப் பருவத்தில் ஒரு வேண்டுதலின் பெயரைச் சுமந்தவர்தாம்!

இனி, அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். பாட்டனின் பெயரை ஏன் பேரனுக்கு வைக்கவேண்டும்? பெயரன் என்பதே பேரன் ஆயிற்று என்பதைப் பலரும் சொல்வார்கள். நான் திருவெண்ணெய்நல்லூரை நினைவூட்டுகிறேன். நம்பியாரூரரின் திருமண நாளில் கிழ வேதியர் ஒருவர் வந்து, “இவன் என் அடிமை” என்று வழக்கிட்டார். சான்றாக ஓலை ஒன்றைக் காட்டினார். நம்பி அதைப் பறித்துக் கிழித்தார். அது படி ஓலைதான். மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையிலே வெளிப்பட்டது. அதில் கையெழுத்திட்டிருந்தவர் யார்? நம்பியின் தந்தைக்குத் தந்தை. அவர் பெயர் என்ன? ஆரூரன்! எழுத்தை ஒப்புநோக்கிப் பார்த்த அவையோர், பாட்டனின் கையெழுத்தே என்று தீர்ப்பளித்தார்கள். பாட்டன் ஆரூரன், பேரனும் ஆரூரன். பாட்டனின் பெயரோடு பாட்டன் எழுதிக்கொடுத்த உறவும் பேரனிடம் வந்து சேர்ந்தது. இறைவனே பிராது கொடுத்து வென்ற வழக்கு அது. நம் தென்னார்க்காட்டு மண்ணிலேதான் நடந்தது. தென்னார்க்காடு என்னும் மாவட்டப் பெயரும் வழக்கொழிந்தது; பெரியவர்கள் வாயில்தான் இன்னும் வாழ்கிறது.

இவ்வளவும் சொன்னபின், இளைஞரின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். பெயர் மாறுவது குற்றமன்று. திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. ஏன், அம்பிகைக்கே பழைய பெயர் பிடிக்கவில்லையே! அண்ணாமலையிலிருந்து தில்லைக்குச் சென்ற குரு நமசிவாயர் இங்கே தங்கி, பெரியநாயகியைக் கிழத்தி என்று விளித்து அன்னம் கேட்டுப் பாடினார். அம்மை முதியவளாய்த் தோன்றி, “கிழவியால் சோறும் நீரும் கொண்டுவர முடியுமோ? இளமையாகப் பாடு” என்றாள். அவர் மாற்றிப் பாட, இளம்பெண்ணாய் வந்து அமுது படைத்தாள். அவளே பாலாம்பிகை. ஆனால் ஒன்று காண்க. இளைய நாயகி வந்தபின் பெரியநாயகியின் சந்நிதியை யாரும் மூடிவிடவில்லை. இரண்டு சந்நிதிகளும் இக்கோயிலில் இன்றும் இருக்கின்றன. இரண்டிலும் விளக்கு எரிகிறது. பள்ளியில் ஒரு பெயர் சொல்லி அழைக்கட்டும். காது குத்தும்போது பாட்டன் மடியில் வைத்து மூன்று முறை சொல்வதற்கு இந்தப் பெயர் இருக்கட்டுமே.

அந்த இளைஞர் இன்று இக்கூட்டத்தில் இருக்கிறாரோ, அறியேன். குழந்தைக்கு இந்நேரம் ஓராண்டு நிறைந்திருக்கும். ஏதோ ஒரு பெயரும் சூட்டியிருப்பார்கள். எப்பெயராயினும் அப்பிள்ளை நீடு வாழ்க. பொருள் கேட்டீரே தம்பி, செடி, பசு, பிராது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். உம் தந்தையாருக்கு அப்பெயர் எப்படி வந்தது, அவரைப் பெற்ற தாய் என்ன குறையை எழுதி வேலிலே கட்டினாள் என்பதை நான் எந்தப் புராணத்தில் தேடிச் சொல்வேன்? அவர் அன்று கைக்கெட்டும் தொலைவில்தான் நின்றார். நீரும் கேட்கவில்லை, அத்தனை பேசுகிற நானும் கேட்கவில்லை. இன்றிரவே வீட்டுக்குப் போய்க் கேளும்.

நாதசுர ஒலி கேட்கிறது. சுவாமி எழுந்தருளும் நேரம். வழிவிட்டு எழுந்து நிற்போம்.

திருச்சிற்றம்பலம்.