அஞ்சடி உள்ள அடுக்குமாடி



நான் பூச்சோங்வாசி. கின்ராரா, காசல்ஃபீல்ட் என்று எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பலகையில் இன்றும் தோட்டத்துப் பெயர் இருக்கிறது. தோட்டம் இல்லை. லயத்து வீடுகளும் திண்ணைகளும் போய், எங்கு திரும்பினாலும் கொண்டோ. பழைய இடத்தில் புதிய அடுக்குமாடி எப்படி எழும்ப வேண்டும் என்று கேட்க இங்கே பழசு என்று அதிகம் மிச்சமில்லை. அதற்குப் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் போக வேண்டும்.

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்பு ஓலையும் பலகையும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று உத்தரவு பிறந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வேயும், அதில் வேலை பார்க்க வந்த நம்மவர்களும் சேர்ந்து அதை ஓர் ஊராக்கினார்கள்.

அங்கே 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தை ஒட்டி 23 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியே வந்தது. மக்கள் கொதித்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். ஆசிரமக் கட்டடத்தை இடிக்கமாட்டோம் என்று சொன்ன பிறகும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. தலைக்குமேல் 23 மாடி நின்றால், முகப்பில் நிற்கும் விவேகானந்தர் சிலை ஏதோ ஒரு கொண்டோவின் வாசல் அலங்காரமாகத்தானே தெரியும்?

வேண்டாம் என்று உரக்கச் சொன்னோம். எப்படிப்பட்டது வேண்டும் என்று சொன்னோமா? அங்கேதான் எனக்குக் குறை. வாடகை ஏறி இளம் குடும்பங்கள் வெளியேறும் பேட்டைக்கு வீடுகள் தேவை.

எப்படிப்பட்ட வீடுகள் என்பதற்குச் சிங்கப்பூர் தியோங் பாருவைப் போய்ப் பாருங்கள். 1936 முதல் கட்டிய அடுக்குமாடிகள். அந்தக் காலத்துக்கு அவை அதிநவீனம்: வளைந்த மூலைகள், வெள்ளைச் சுவர்கள், பின்புறம் சுருள் படிகள். ஆனால் உயரம் ஐந்து மாடியைத் தாண்டவில்லை. கீழே அஞ்சடி இருக்கிறது. கடைவீடுகளுக்கு முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்போமே, அதே அஞ்சடி. பழைய கடைவீட்டின் தோற்றத்தை நகலெடுக்காமல், அதன் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள் அவற்றை வடிவமைத்தவர்கள். 2003-இல் போருக்கு முந்திய 20 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். ஒரு காலத்துப் புதுமையே இன்று பாரம்பரியம்.

நம் ஊரில் பெரும்பாலும் நேர்மாறு. முகப்பில் நாலு வளைவும் ஒரு மயில் நிறமும் பூசிவிட்டு, "பாரம்பரியத்துக்கு ஏற்ற வடிவம்" என்கிறார்கள். உள்ளே கீழிருந்து பல மாடிக்குக் கார் நிறுத்துமிடம், வெளியே மதில், காவலர் கூண்டு. சாலையில் போகிறவருக்குக் கிடைப்பது நீண்ட வெற்றுச் சுவர். பூக்கடைக்காரர் மாலை கட்டும் தெருவில் அந்தச் சுவரைவிட அந்நியமானது வேறில்லை. ஒரு கட்டடம் பேட்டைக்குப் பொருந்துகிறதா என்று நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதன் அடியில் நடந்து பார்க்கிறேன்.

அப்படி நடந்தபோதுதான் பூச்சோங்கிலேயே ஒன்று கண்ணில் பட்டது. கீழே கடை, மேலே வீடு என்று மின்தூக்கிகூட இல்லாத நாலு மாடி வரிசைகள். அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். துணி காயும், சாயம் உரிந்திருக்கும். ஆனால் கீழே அஞ்சடி உண்டு. மாலை மழை பிடித்துக்கொண்டால் பள்ளிப் பிள்ளைகள் அங்கே பையை இறக்கி வைத்துவிட்டுப் பேருந்துக்கு நிற்கிறார்கள். எதிரே எங்கள் கொண்டோவின் வாசலில் அவர்கள் ஒதுங்க ஓரடி இடம் இல்லை.