பழைய சைக்கிளுக்கு என்ன கலர் அடிக்கலாம்?

இன்னிக்கு இரும்பு சைக்கிள் பத்திப் பேசலாம். தாத்தாவோ அப்பாவோ ஓட்டின ஹெர்குலிஸ், ராலே, அட்லஸ்னு ஏதோ ஒண்ணு நிறைய வீட்டு மாடிப்படிக்குக் கீழ இன்னும் நிக்குது. அதை வெளியே எடுத்ததும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கலாம்?" என்னைக் கேட்டா, அதுதான் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, இதுல ஏறி உட்காரலாமா?

எங்க அப்பாவோட ஹெர்குலிஸ் இப்போ என்கிட்ட இருக்கு. 1949-ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியோட தயாரிப்பு. இந்த மாதிரி ஃப்ரேம்ல குழாய்களை லக்ங்கிற உறைக்குள்ள சொருகி, பித்தளையை உருக்கிப் பத்த வெச்சிருப்பாங்க. அந்த மூட்டு லேசுல விடாது. பவுடர் கோட்டிங் அடுப்புச் சூடு சுமார் 200 டிகிரிதான். பித்தளை உருக கிட்டத்தட்ட 900 டிகிரி வேணும். அதனால அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது உள்துருவுக்கு. சீட் குழாய் வழியா இறங்குற மழைத்தண்ணி, பெடல் அச்சு இருக்குற இடத்துல போய்த் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே குழாய் அரிச்சுப் போயிருக்கும். அச்சைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்க்ரூடிரைவரால அழுத்திச் சுரண்டுங்க. துரு உதிர்ந்தா பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினா, அந்த ஃப்ரேமை ஓட்டாதீங்க.

அடுத்தது ஃபோர்க். அதோட தலைப்பகுதியில முடி மாதிரி ஒரு கோடு, அதுல துரு கசிஞ்ச தடம் தெரிஞ்சா, அது விரிசலா இருக்கலாம். ஓடும்போது ஃபோர்க் உடைஞ்சா முகம்தான் முதல்ல ரோட்டுல படும்.

ஃப்ரேம் கோணலா இருக்கான்னு பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டுற ஒரு பக்கத்துல கட்டி, ஹேண்டில் குழாயைச் சுத்தி, மறுபக்கம் இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கணும்.

இதெல்லாம் சரியா இருந்தா பெயின்டுக்கு வரலாம். பழைய பெயின்டுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாளைக் காய்ஞ்ச நிலையில தேய்ச்சா அந்தத் தூசி மூச்சுக்குள்ள போகும். தண்ணியில நனையுற வாட்டர் பேப்பர் வாங்கி, ஈரமா தேய்ங்க. மாஸ்க் போடுங்க, குழந்தைகளைப் பக்கத்துல விடாதீங்க. தேய்ச்ச இரும்பை நல்லாத் துடைச்சுக் காயவெச்சு, அன்னிக்கே ப்ரைமர் அடிச்சிடுங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல ஒரே ராத்திரியில மறுபடி துரு பிடிச்சிடும்.

நான் பெயின்ட் அடிக்கலை. துருவை மட்டும் எடுத்து மெழுகு பூசினேன். காரணம், முன்பக்க பாரில் பெயின்ட் தேய்ஞ்சு போன ஒரு இடம். ஸ்கூலுக்குப் போகும்போது நான் உட்கார்ந்த இடம் அது. புதுப் பெயின்ட் எந்தக் கடையிலயும் கிடைக்கும், அந்தத் தேய்மானம் கிடைக்காது.

உங்க சைக்கிள்ல அப்படி எதுவும் இல்லைன்னா தாராளமா கலர் அடிங்க. ஆனா முதல்ல கழட்டிப் பாருங்க.