டிசி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைக்கும், கோழிப்பண்ணைக்கும், சேலத்து வெள்ளிப் பட்டறைக்கும் வேலை தேடிக் கைக்குழந்தையோடு வந்து குடியேறும் இளம் தம்பதிகள் பலர். வந்ததும் பால் காய்ச்சுகிறார்கள், சாமான்களை அடுக்குகிறார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்கிறார்கள். பெரிய பிள்ளையின் படிப்புதான் தடைப்பட்டு நிற்கிறது. "பழைய பள்ளியிலிருந்து டிசி (மாற்றுச் சான்றிதழ்) வரட்டும், அடுத்த வருசம் சேர்த்துக்கலாம்" என்று அப்பா சொல்லிவிடுகிறார்.

அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி மாறும் உரிமையைத் தந்திருக்கிறது. டிசி வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் இடம் உண்டு. ஒரு வருசம் வீட்டில் நின்ற பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துப்போவது எவ்வளவு சிரமம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

படிப்பைப் போலத் தடுப்பூசியும் தடைப்படக் கூடாது. ஊர் மாறும்போது கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பாத்திர மூட்டைக்குள் போட்டுவிடாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். தட்டம்மை, ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் இன்னொன்று. முதல் ஊசி எந்த ஊரில் போட்டிருந்தாலும், அடுத்ததைப் புது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள்.